கத்தி தீட்டும் கல்வி

சவரக் கத்தியைப் பற்றித் தமிழ் மன்றத்து மலரில் ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். காதலைப் பற்றி எழுதலாம். கம்பனைப் பற்றி எழுதலாம். நாட்டுப்பற்றைப் பற்றி ஆண்டுதோறும் தவறாமல் எழுதுகிறோம். நாள்தோறும் கண்ணாடிமுன் நின்று கன்னத்தில் ஓட்டும் கருவியைப் பற்றி மட்டும் எழுதலாகாது என்று எந்த விதி கூறுகிறது? மேடையேறும் நண்பர்கள், புத்தியைத் தீட்டினால் போதும், கத்தியைத் தீட்டுவது கற்றவன் வேலையன்று என்று முழங்குகிறார்கள். நாமும் கை தட்டுகிறோம். முழங்கியவர் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் ஒரு கத்தியைக் கல்லில் வைத்துத் தீட்டிப் பார்த்தவர்தாமா என்று எவரும் கேட்பதில்லை. தீட்டிப் பார்த்தவர் அவ்வாறு பேச மாட்டார் என்பது என் கட்சி. அக்கட்சியை நிலைநாட்ட யான் துணைக்கு அழைப்பது ஜப்பானியரின் பழைய சவரக் கத்தியை.

கமிசோரி என்பது அதன் பெயர். 'கமி' என்றால் மயிர். 'சோரி' என்றால் மழித்தல். (ஒலி ஒற்றுமை கண்ட மாத்திரத்தில் உறவு கொண்டாடும் நம் நண்பர்கள் பொறுத்தருள்க, சொறிதலுக்கும் இதற்கும் முடிச்சுப் போட யான் முன்வரவில்லை.) ஆறாம் நூற்றாண்டில் புத்த சமயம் கொரியா வழியே ஜப்பானுக்குச் சென்றபோது, துறவிகளின் தலை மழிக்கும் கத்தியும் உடன் சென்றது என்பர். பின்னர் 1603 முதல் 1868 வரை நிலவிய எடோ காலத்தில், சாமுராய் வீரரும் நகரத்து வணிகரும் நெற்றிமுதல் உச்சிவரை மழித்து, எஞ்சிய மயிரைப் பின்னே முடிந்துகொண்டனர். அந்த மழிப்பு சில நாளிலேயே கெட்டுவிடும் அன்றோ? ஆதலால் தெருவுக்குத் தெரு முடி திருத்தும் கடைகள் பெருகின. அக்கடைகளில் நடக்கும் அரட்டையையே பொருளாகக் கொண்டு ஷிகிதேய் சம்பா என்னும் எழுத்தாளர் 1813இல் ஒரு நகைச்சுவை நூலை வெளியிடத் தொடங்கினார். சவரக் கடையும் ஊர்வம்பும் இணைபிரியாதவை என்பது நம்மூருக்கு மட்டும் உரிய பெருமையன்று. 1871இல் மெய்ஜி அரசு குடுமியைக் களையலாம் என்று ஆணை பிறப்பித்தது; 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதைத் தடுத்தது. முதல் ஆணையால் தலை மழிப்போர் குறைந்தனர். இரண்டாம் ஆணையால் வாள் அடித்த கொல்லர் பலர் கத்தி, உளி, அரிவாள் என்று பிழைப்பைத் தேடினர்.

நம் பழைய நாவிதர் அடைப்பத்தில் இருந்த மடக்குக் கத்தியைக் கண்டவர்களுக்குக் கமிசோரி ஏமாற்றம் தரும். அது மடங்காது, கொம்புப் பிடியும் கிடையாது. ஒரே துண்டு, ஒரு முனையில் சிறிய அலகு, மறுமுனையில் நேரான காம்பு. சிலவற்றில் காம்பின்மேல் பிரம்பு சுற்றியிருப்பார்கள். அவ்வளவே. ஆனால் அலகை முனைப்பக்கமிருந்து நோக்கினால் இரு புறமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு புறத்தின் குழிவு வேறு, மறுபுறத்தின் குழிவு வேறு. ஒரு புறம் எப்போதும் தோலோடு பொருந்த வேண்டும் என்பது பழைய முறை. வெட்டும் வாய் மிகக் கடிய எஃகு. உடலின் பெரும்பகுதி மெல்லிரும்பு. இரண்டையும் உலையில் காய்ச்சி அடித்து ஒன்றாக்குகிறார்கள். ஏன் இந்த ஒட்டு வேலை? முழுவதும் கடிய எஃகானால் கல்லில் தேய்க்கத் தேய்க்கக் கை ஓய்ந்துபோகும். முழுவதும் மெல்லிரும்பானால் கூர் நில்லாது. மெல்லிரும்பு கல்லுக்கு இணங்குகிறது. எஃகு மயிருக்கு இணங்காமல் நிற்கிறது. நம் உலோகவியல் வகுப்பில் ஒரு மாதம் கரும்பலகையில் எழுதியும் மனத்தில் பதியாத செய்தி, இந்தச் சிறு அலகைக் கையில் எடுத்த மாத்திரத்தில் பதிகிறது.

எஃகைப் பற்றி ஒரு சொல். கமிசோரி விற்போர் 'தமாஹகானே' என்று ஒரு பெயரைச் சொல்லி விலையைப் பலமடங்கு ஏற்றுவார்கள். இரும்பு மணலையும் மரக்கரியையும் மண் உலையில் மாறி மாறி இட்டு, மூன்று பகல் மூன்று இரவு துருத்தி ஊதி எடுக்கும் எஃகு அது. ஷிமானே மாவட்டத்து மலைகளில் இத்தொழில் இருபதாம் நூற்றாண்டில் நலிந்து அணைந்தது. வாள் செய்வோருக்காக 1977இல் மீண்டும் உலை மூட்டினார்கள். ஒரு முறை உலை மூட்டச் சுமார் 10 டன் மணலும் 12 டன் கரியும் வேண்டும். கிடைப்பது இரண்டரை டன் கட்டி. அதிலும் நல்ல எஃகு ஒரு பகுதியே. உலையையும் உடைத்துத்தான் கட்டியை எடுக்க வேண்டும். கேட்கக் கேட்க இனிக்கும் கதைதான். ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட கமிசோரிகளில் மிகப் பல சுவீடன் நாட்டு எஃகிலும் யசுகி நகரத்து ஆலை எஃகிலும் ஆனவை. அவையும் அழகாகவே மழிக்கின்றன. பெயருக்காகப் பணத்தைக் கொட்டிக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைப்போரைக் கண்டால் எனக்கு இரக்கமே வருகிறது. அவர்களிடம் இருப்பது கத்தியன்று, கத்தியின் பிணம்.

என்னிடம் இருப்பது சாதாரண எஃகு. நம் பல்கலைக்கழகத்தில் பயின்று செண்டாய் நகருக்கு ஆராய்ச்சிக்குச் சென்ற மூத்த மாணவர் ஒருவர், திரும்பி வரும்போது பழம்பொருள் கடையில் வாங்கி வந்து கொடுத்தார். துருவேறி, வாய் பொரிந்து கிடந்தது. அதைத் தீட்டத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் கல் என்றால் என்ன என்பது தெரிந்தது.

ஆம், கத்தியின் கதையைவிடக் கல்லின் கதை பெரிது. கியோட்டோ நகரின் மேற்கே நருதாகி முதலிய மலைப்பகுதிகளில் வெட்டியெடுத்த தீட்டுக்கற்களுக்கு ஈடு இணை இல்லை என்பது ஜப்பானியக் கொல்லர் துணிபு. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆழ்கடலின் அடியில், கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் மணற்சத்துக் கூடுகளும் நுண்ணிய களிமண்ணும் மெல்ல மெல்லப் படிந்து இறுகியவை அக்கற்கள். ஆறும் அலையும் கரையருகே கொண்டுவந்து கொட்டும் பருமணல் அவ்வளவு தொலைவு வாராது. ஆதலால் பரல் ஒன்றுகூட இல்லாத மென்மை. நகயாமா என்னும் சுரங்கத்துக் கல் என்றால் ஒரு காலத்தில் தச்சர்கள் மாதச் சம்பளத்தை வைத்துவிட்டு வாங்குவார்களாம். இச்சுரங்கங்களிற் பெரும்பாலானவை இன்று மூடிக் கிடக்கின்றன. செயற்கைக் கற்கள் வந்து, விலை குறைந்து, தோண்டுதல் கட்டாமற் போயிற்று. செயற்கைக் கல் தாழ்ந்தது என்று யான் சொல்ல மாட்டேன். என் கல் செயற்கைக் கல்தான். ஆயிரம் என்று எண்ணிட்டது ஒன்று, ஐயாயிரம் ஒன்று, பன்னீராயிரம் ஒன்று. எண் ஏற ஏறத் துகள் நுண்ணியது.

தீட்டும் முறையைக் கேளுங்கள். முதலில் கல் சமமாக இருக்க வேண்டும். கல்லைச் சமப்படுத்தாமல் கத்தியைத் தீட்டுவது கோணல் அளவுகோலால் நிலம் அளப்பது போன்றது. பிறகு கல்லை நீரில் நனைத்து, அலகின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடுமாறு படுக்க வைக்க வேண்டும். இதில்தான் பழையவர்களின் அறிவு இருக்கிறது: முதுகின் பருமனே வாயின் கோணத்தை நிர்ணயிக்கிறது. கோணத்தைக் கை பிடிக்க வேண்டியதில்லை. கத்தியே தன் கோணத்தைச் சுமந்து வருகிறது. கை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அமுக்காமல் இருப்பது. இது சொல்வதற்கு எளிது. விரைவில் முடிய வேண்டும் என்று மனம் பறந்தவுடன் கை அமுக்கிவிடும். அமுக்கினால் மெல்லிய வாய் வளையும். வளைந்த வாய் கல்லின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். இரு புறமும் சம எண்ணிக்கையில் இழுப்பது மேல்நாட்டுக் கத்திக்கு முறை. கமிசோரிக்கு ஒரு புறம் மிகுதி, மறுபுறம் குறைவு என்று கொள்வர். எத்தனைக்கு எத்தனை என்பதில் ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபாடு உண்டு.

மலைக்கல்லில் தீட்டுவோர் நகுரா என்னும் சிறு கல்லைக் கையாள்கிறார்கள். (நாகூருக்கும் இதற்கும் உறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) மிகாவா நாட்டில் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான வெண்கல் அது. அதைப் பெரிய கல்லின்மேல் நீர் விட்டு உரைத்தால் பால்போல் ஒரு குழம்பு எழும். அக்குழம்பில்தான் கத்தி தீட்டப்படுகிறது. போதான், தெஞ்ஜோ, மெஜிரோ, கோமா என்று பருமையிலிருந்து நுண்மைக்கு நால்வகை. ஒவ்வொன்றும் முந்தியது போட்ட கீறலை முற்றும் அழித்த பிறகே அடுத்ததற்குச் செல்லலாம். முந்திய கீறல் ஒன்று எஞ்சியிருந்தாலும், பின்னர் எத்தனை மென்மையான கல்லில் எத்தனை நாழிகை தேய்த்தாலும் அது போகாது. முகத்தில் வைத்தவுடன் தன்னைக் காட்டிக் கொடுக்கும். இறுதியில் முதலில் திண்துணி வாரிலும் பின்னர்த் தோல் வாரிலும் முதுகு முன்செல்ல இழுத்துப் பிசிறைப் போக்குகிறார்கள். அந்நாட்டில் இதற்குக் குதிரைத்தோலை மிகவும் மதிப்பர்.

மயிர் என்ன, இவ்வளவு பாடுபடுத்தும் பொருளா என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சவர எஃகு மயிரைவிடச் சுமார் 50 மடங்கு கடியது. ஆயினும் மயிர் அதை உடைக்கிறது! தேய்ந்து மழுங்குவதால் மட்டும் கூர் போகவில்லை. மயிர் வளைந்து சாய்வாக வந்து மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒருசீராக இல்லாத இடங்களில் நுண்சில்லுகள் பெயர்கின்றன என்று மின்னணு நுண்ணோக்கியின் கீழ்க் கண்டனர். மயிரை வெந்நீரில் ஊற வை, தோலை இழுத்துப் பிடி, மயிர் வளைய இடம் கொடாதே, என்று பழைய நாவிதர் தம் மகனுக்குச் சொன்னதெல்லாம் எதற்காக என்பது இப்போது விளங்குகிறது.

மழிப்பதைப் பற்றி மிகைப்படச் சொல்ல மாட்டேன். கமிசோரி அடிப்படையில் பிறருக்கு மழிக்கும் கருவி. சாய்வு நாற்காலியைச் சுற்றி நின்று வேலை செய்பவருக்கே அதன் சமமற்ற இரு புறமும் முழுப்பயன் தரும். தனக்குத்தானே மழிப்பவன் இடக் கன்னத்துக்கு வரும்போது கையை எப்படி வளைப்பது என்று திண்டாடுவான். அலகைத் தோலோடு சுமார் முப்பது பாகைச் சாய்வில் வைத்து, மயிர் வளரும் போக்கிலேயே முதலில் இழுக்க வேண்டும். பணம் மிச்சமாகும் என்று எவரும் நம்பி இறங்க வேண்டா. கடையில் கிடைக்கும் இருமுனைத் தகடு மிக மலிவு. கல் வாங்கிய செலவை ஈடுகட்டப் பல்லாண்டு செல்லும். குப்பை குறையும் என்பது உண்மை. நெகிழிப் பிடியும் எஃகும் பிரிக்க இயலாமல் ஒட்டிக் கிடக்கும் தூக்கியெறி கருவிகள் நம் விடுதிக் கொல்லையில் குவிந்து கிடப்பதை அனைவரும் காண்கிறோம். ஆனால் யான் இதை எழுதப் புகுந்தது அதற்காகவும் அன்று.

யான் சொல்ல வந்த மனிதர் ஒருவர் உண்டு. கோசுகே இவசாகி என்பது பெயர். 1903இல் நீகாதா மாவட்டத்துச் சான்ஜோ நகரில் பிறந்தார். வெள்ளத்தால் வயல் இழந்த உழவருக்குப் பிழைப்பாக ஆணி அடிக்கக் கற்றுக் கொடுத்ததில், பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கி வளர்ந்த கொல்லர் நகரம் அது. இவசாகி டோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் முதலில் இலக்கியத் துறையில் சேர்ந்து வரலாறு பயின்றார். கவிதை எழுதவா? இல்லை. பழைய வாட்கொல்லர்கள் மறைத்து வைத்த தொழில் ஏடுகளைப் படிக்க வேண்டும். அதற்குப் பழைய எழுத்தும் பழைய வரலாறும் தெரிய வேண்டும். ஏடுகளைப் படித்த பின்னர், அவற்றில் உள்ளதை விளங்கிக்கொள்ள அறிவியல் வேண்டும் என்று கண்டு, அதே பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து உலோகவியல் பயின்றார். இரண்டு பட்டங்களையும் எடுத்துக்கொண்டு எங்கே போனார்? சான்ஜோவுக்கே திரும்பிச் சென்று உலையின் முன் நின்று சவரக் கத்தி அடித்தார்! 1967இல் மறையும் வரை செய்தார்; செய்ததை எழுதினார்; மகனும் அத்தொழிலைத் தொடர்ந்தார். இன்று கமிசோரியைப் பற்றி உலகில் எவர் எதைச் சொன்னாலும், அதில் ஒரு பகுதி அவரிடமிருந்து வந்ததாகவே இருக்கும்.

தோழர்களே, நம்மில் ஒருவர் இரண்டு பட்டம் பெற்று ஊருக்குத் திரும்பிச் சவரக் கத்தி செய்யப்போகிறேன் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? தாய் அழுவாள், தந்தை மருத்துவரை அழைப்பார், பெண் கொடுக்க இருந்தவர் வேறு இடம் பார்ப்பார். தொழிலைச் சாதியோடு கட்டிப்போட்ட நாட்டில் இதைவிட வேறென்ன நடக்கும்? கத்தி தீட்டுபவன் நாவிதன், அவன் அருகில் அமர்ந்து கற்பது இழிவு என்று நூற்றாண்டுகளாக விலகி நின்றோம். விளைவு என்ன? கல்லைத் தேர்வது, வாயைச் சோதிப்பது, தோல் வாரைப் பதப்படுத்துவது என்று அவர்கள் கையில் இருந்த அறிவெல்லாம் ஏட்டில் ஏறவில்லை. தகடு வந்தது, அறிவு அடைப்பத்தோடு மண்ணாயிற்று. அவர்கள் மக்கள் அத்தொழிலை விட்டு வேறு வேலைக்குச் சென்றதை எவரும் குறை கூற முடியாது. யானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

நம் உருக்கின் கதையும் இதுவே. தென்னாட்டு மூசை உருக்கு கடல் கடந்து சென்று, இலண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்பவர் கையில் அறுவை மருத்துவரின் கருவிகளாயிற்று. அவரோடு சேர்ந்து மைக்கேல் ஃபாரடே அதன் இரகசியத்தைத் தேடி, 1820இலும் 1822இலும் எஃகுக் கலவைகள் பற்றி ஆய்வுரைகள் வெளியிட்டார். அச்சோதனைகளில் கிடைத்த எஃகில் சவரக் கத்திகள் செய்வித்து நண்பர்களுக்கு அன்பளிப்பாகவும் தந்தார். உருக்கைக் காய்ச்சிய நம்மவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. செய்தவன் எழுதவில்லை, எழுதத் தெரிந்தவன் செய்யவில்லை. பிறநாட்டுப் பயணிகள் எட்ட நின்று பார்த்து எழுதிய குறிப்புகளைத்தான் இன்று நாம் பெருமையோடு மேடையில் படிக்கிறோம்.

ஜப்பானையும் வானளாவப் புகழ வேண்டா. அங்கும் கொல்லர்கள் தொழிலை மறைத்தார்கள். மறைக்காவிட்டால் இவசாகி ஏடுகளைத் துருவ வேண்டியிருந்திராது. அங்கும் முடி திருத்தும் கடைகளில் இன்று தீட்டும் கத்தி அரிது. மாற்றுத் தகடு பொருத்தும் கத்தியே எங்கும். அது சரியே என்பது என் எண்ணம். மஞ்சட்காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் இரத்தத்தின் வழியே பரவும் என்று தெரிந்த பிறகு, ஒரே கத்தியைப் பல முகங்களில் ஓட்டுவதைக் கலை என்று காப்பாற்ற முனைவது அறிவன்று. நம் கடைக்காரர் தகட்டை இரண்டாக ஒடித்து ஆளுக்கொரு பாதி வைக்கிறாரே, அதை வாழ்த்துகிறேன். ஆனால் அந்நாட்டில் கருவி மாறியபோதும் திறன் சட்டத்தின் பாதுகாப்பில் நிற்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி பயின்று உரிமம் பெற்றவரே முடிதிருத்துநராகி முகம் மழிக்கலாம். மணப்பெண்ணின் முகத்தையும் பிடரியையும் திருமணத்துக்குமுன் மென்மையாக மழிக்கும் வழக்கமும் அங்கு உண்டு. அதற்கும் அவரே வர வேண்டும்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். நம் ஆய்வுக்கூடத்தில் உலோகத் துண்டை நுண்ணோக்கிக்குத் தயார் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. பரும் உப்புத்தாளில் தேய்த்து, துண்டைத் திருப்பி, முந்திய கீறல் மறையும்வரை அடுத்த தாளில் தேய்த்து, இறுதியில் துணியில் மெருகிட வேண்டும். கமிசோரிக்குச் சொன்ன முறைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒன்றுமில்லை. இப்பயிற்சிக்கு வாரம் மூன்று மணி நேரம் இருந்தது. இப்போது ஒரு மணியாகக் குறைத்துவிட்டார்கள். மிச்ச நேரத்தில் கணினியில் படம் பார்க்கிறோம். துண்டுகளை யார் தேய்க்கிறார்? ஆய்வுக்கூட உதவியாளர் தேய்க்கிறார். முப்பதாண்டாக அதே வேலை. விரல் நுனியால் தடவி, எந்தத் தாளில் எத்தனை நேரம் குறைந்தது என்று சொல்லிவிடுவார். அவரை நாம் 'ஏ' என்று அழைக்கிறோம். அவர் நம்மை 'ஐயா' என்கிறார். அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெறுகிறார். அவ்விடத்துக்கு ஆள் எடுக்கப்போவதில்லை என்று பேச்சு அடிபடுகிறது.

ஆகவே மன்றத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி, கவிதைப் போட்டி, கோலப் போட்டி எல்லாம் இருக்கட்டும். ஒரு பிற்பகல் மட்டும் அந்த உதவியாளரையும், விடுதி வாயிலில் கடை வைத்திருக்கும் பெரியவரையும் அழைத்து, மேசையின் தலைப்பக்கத்தில் அமர வைத்து, தீட்டக் கற்றுக்கொள்வோம். பெரியவர் தம் தந்தையின் மடக்குக் கத்தியை இன்னும் வைத்திருக்கிறார், யான் பார்த்திருக்கிறேன். இருவரும் சொல்வதைத் தமிழறிந்த ஒருவரும் இந்தி நன்கறிந்த ஒருவரும் உடனிருந்து எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை அடுத்த மலரில், அவர்கள் பெயரை மேலே போட்டு, அச்சிட வேண்டும். செலவு பெரிதன்று. மூன்று கற்கள் என்னிடம் உள்ளன. கல்லைச் சமப்படுத்தத் தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றும், சில உப்புத்தாள்களும், இரண்டு வாளி நீரும் போதும். வர விரும்புவோர் அவரவர் வீட்டுப் பழங்கத்தி எதுவாயினும் கொண்டு வரலாம். துருப்பிடித்தது என்று தயங்க வேண்டா.